அந்நியன் திரைப்படமும் சித்த சுவாதீனச் சட்டமும்

அந்நியன் 2005 ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். ஷங்கர் இயக்கத்தில், வி. ரவிச்சந்திரன் தயாரிப்பில், ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் வெளிவந்தது. வசனம் எழுதியவர் எழுத்தாளர் சுஜாதா. விக்ரம், சதா, பிரகாஷ்ராஜ், விவேக், நாசர், நெடுமுடி வேணு ஆகியோர் நடித்தனர். தெலுங்கில் அபரிசித்துடு என்றும் இந்தியில் அபரிசித் என்றும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. ஒரே ஆளுக்குள் மூன்று ஆளுமைகள் இருப்பதாக விக்ரம் நடித்த விதமும் சண்டைக் காட்சிகளின் பிரம்மாண்டமும் அதிகம் பேசப்பட்டன. படத்தின் இறுதிப் பகுதியில் வரும் நீதிமன்ற விசாரணை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கொலைகளைச் செய்த ஒருவரின் மனநிலையை நீதிமன்றம் எப்படி எடைபோடுகிறது என்பதே அக்காட்சியின் பொருள். இக்கட்டுரை அதைப் பற்றியது.

அதே ஆண்டு ஏப்ரலில் வெளியான சந்திரமுகி படமும் ஆளுமைப் பிளவைத்தான் கதையாகக் கொண்டது. அதில் கங்கா என்ற பாத்திரம் கொலை முயற்சிகளில் இறங்கியும் காவல் துறையோ நீதிமன்றமோ கதைக்குள் வரவில்லை. மருத்துவரும் மாந்திரீகருமே காரியத்தை முடித்து விடுகிறார்கள். இரண்டு மாத இடைவெளியில் வந்த இவ்விரு படங்களில் சட்டத்தின் வாசலுக்குப் போனது அந்நியன் மட்டுமே.

கதை

ராமானுஜம் என்னும் அம்பி திருவல்லிக்கேணிப் பகுதியின் வைணவ அந்தணக் குடும்பத்தைச் சேர்ந்தவர், வழக்கறிஞர். விதிகளைச் சிறிதும் மீறாதவர், பிறர் மீறினாலும் பொறுக்காதவர். சிறு வயதில் அவருடைய தங்கை வித்யா, தேங்கிய மழைநீரில் அறுந்து கிடந்த மின்கம்பியால் உயிரிழக்கிறாள். ஒருவரின் பொறுப்பின்மையால் நேர்ந்த அந்தச் சாவு அம்பியின் மனத்தில் ஆறாத புண்ணாகத் தங்கிவிடுகிறது. புகார் கொடுத்தும் வழக்குப் போட்டும் பயன் இல்லாத இடங்களில் அவருக்குள்ளிருந்து அந்நியன் என்ற இன்னொருவன் வெளிப்படுகிறான். அவன் கருட புராணம் சொல்லும் நரக தண்டனைகளை நிறைவேற்றுகிறான். விபத்தில் அடிபட்டவருக்கு உதவ மறுத்தவருக்கு அந்தகூபம், ரயிலில் கெட்ட உணவு கொடுத்த ஒப்பந்தக்காரருக்குக் கும்பிபாகம், தரமற்ற பிரேக் உதிரிபாகம் தயாரித்தவருக்குக் கிருமிபோஜனம் என்று பட்டியல் நீள்கிறது. காதலை மறுத்த நந்தினியைக் கவர்வதற்காக ரெமோ என்ற மூன்றாவது ஆளுமையும் தோன்றுகிறது. அம்பிக்கு மற்ற இருவரைப் பற்றியும் தெரியாது.

மனநல மருத்துவராக வரும் நாசர், இது பல்லாளுமைக் கோளாறு என்று கண்டறிகிறார். படம் இதனை மல்டிபிள் பர்சனாலிட்டி டிஸார்டர் என்ற பெயரால் குறிப்பிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994 ஆம் ஆண்டின் வகைப்பாட்டிலேயே அப்பெயரைக் கைவிட்டு, விலகல் அடையாளக் கோளாறு என்ற பொருள்படும் பெயரை ஏற்றுக்கொண்டது. பழைய பெயர்தான் மக்கள் நாவில் நிலைத்தது. அதற்கு இந்தப் படமும் ஒரு காரணம்.

அம்பி கைது செய்யப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறார். கொலைகளை அவர் உடல் செய்திருந்தாலும் நோயின் பிடியில் செய்தது என்று முடிவு செய்யும் நீதிமன்றம், இரண்டு ஆண்டுகள் மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறவும் குணமானபின் வெளியே செல்லவும் உத்தரவிடுகிறது. அம்பி குணமாகி வருகிறார், நந்தினியை மணக்கிறார். பிறகு ஒரு ரயில் பயணத்தில், தங்கையின் சாவுக்குக் காரணமானவனைக் கண்டதும் அவனை ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடுகிறார். அந்நியன் மறையவில்லை, அம்பியோடு கலந்துவிட்டான் என்பது படத்தின் முடிவு.

எந்த நேரத்து மனநிலை?

குற்றம் சாட்டப்பட்டவரைத் தமிழ்நாட்டுக் காவல் நிலைய, நீதிமன்ற ஆவணங்கள் எதிரி என்றே எழுதுகின்றன. அந்த எதிரியின் மனநிலையைச் சட்டம் ஒருமுறை அல்ல, மூன்று முறை விசாரிக்கிறது. செயலைச் செய்த நேரத்தில் அவர் மனம் எப்படி இருந்தது என்பது முதல் கேள்வி. விசாரணைக் கூண்டில் நிற்கும்போது நடப்பதைப் புரிந்துகொண்டு தன் தரப்பை எடுத்துச் சொல்ல முடிகிறதா என்பது இரண்டாவது. வெளியே விட்டால் தனக்கோ பிறருக்கோ தீங்கு வருமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி சட்டப் பிரிவுகள், தனித்தனி சாட்சியங்கள் உண்டு. ஒன்றுக்குக் கிடைத்த விடை மற்றொன்றுக்குப் பொருந்தாது. செயல் நேரத்தில் தெளிவாக இருந்தவர் விசாரணை நேரத்தில் நோயுற்றிருக்கலாம். இது தலைகீழாகவும் நடக்கலாம். அந்நியன் படத்தின் நீதிமன்றம் இம்மூன்றையும் ஒரே தீர்ப்பில் உருட்டித் திரட்டிவிடுகிறது.

செயலின் நேரம்

படம் வெளியானபோது நடப்பில் இருந்தது 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 84 ஆம் பிரிவு சொல்வது இது: சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்யும் செயலின் தன்மையையோ, அது தவறானது அல்லது சட்டத்துக்குப் புறம்பானது என்பதையோ அறிய இயலாத நிலையில் ஒருவர் செய்யும் எதுவும் குற்றமாகாது. இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1843 ஆம் ஆண்டு டேனியல் மெக்நாட்டன் என்பவர் லண்டனில் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். டிரம்மண்ட் இறந்தார். மெக்நாட்டன் மனநோயாளி என்று நடுவர் குழு அவரை விடுவித்தது. நாடே கொதித்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் கேள்விகள் கேட்டு வாங்கிய பதில்களே மெக்நாட்டன் விதிகள் ஆயின. 84 ஆம் பிரிவு அவற்றை ஒட்டி அமைந்தது.

இப்பிரிவில் பலரும் கவனிக்காமல் விடும் சொல் அறிதல் என்பது. நோய் இருப்பது மட்டும் போதாது, நோயால் அறியும் திறன் அற்றுப் போயிருக்க வேண்டும். மருத்துவர் சொல்லும் மனநோய் வேறு, சட்டம் ஏற்கும் சித்த சுவாதீனமின்மை வேறு என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. 2011 ஆம் ஆண்டின் ஜார்க்கண்ட் வழக்கொன்றில் இது விரிவாகவே விளக்கப்பட்டது. செயலுக்கு முன்பும், செயலின்போதும், அதன் பின்பும் அவர் நடந்துகொண்ட விதம் பார்க்கப்படும். ஆயுதத்தை ஒளித்தாரா, தப்பி ஓடினாரா, திட்டமிட்டாரா என்பவை அவருக்கு எதிராகப் பேசும்.

இந்த உரைகல்லில் அந்நியனை உரசிப் பார்த்தால் முடிவு படத்தில் வருவதுபோல் எளிதாக இராது. அந்நியன் இணையதளம் நடத்தி மக்களிடம் புகார் பெறுகிறான். ஒவ்வொருவரையும் தேர்ந்தெடுத்து, இடம் பார்த்து, ஏற்பாடு செய்து கொல்கிறான். தண்டனையின் பெயரைத் தடயமாக விட்டுச் செல்கிறான். தான் செய்வது கொலை என்பதும் நாட்டின் சட்டம் அதை ஏற்காது என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். சட்டம் தண்டிக்கத் தவறியதால்தானே அவன் புறப்படுகிறான்! ஆனால் அம்பிக்கு எதுவும் தெரியாது. அப்படியானால் 84 ஆம் பிரிவு கூறும் ஒருவர் யார்? அறிந்த அந்நியனா, அறியாத அம்பியா? சட்டத்தின் கண்ணுக்கு உடல் ஒன்றே, பெயரும் ஒன்றே. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். படத்தில் அது மயிலிறகால் தடவியதுபோல் கடந்து போகிறது. கணேஷ், வசந்த் என்ற இரு வழக்கறிஞர்களை வைத்து எத்தனையோ கதைகள் எழுதிய சுஜாதாவுக்கு இந்த முடிச்சு தெரியாமல் இருந்திருக்காது. மூன்று மணி நேரப் படத்தின் கடைசிக் கட்டத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இத்தகைய வழக்கு உண்மையாகவே நடந்தது. பாலியல் வன்கொடுமைக் குற்றங்களுக்காகக் கைதான பில்லி மில்லிகன், பல்லாளுமைக் கோளாறைக் காரணம் காட்டி 1978 இல் குற்றப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் அன்றே வீட்டுக்குப் போய்விடவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் மனநல மருத்துவமனைகளில் வைக்கப்பட்டிருந்தார்.

இந்தியாவில் இந்த எதிர்வாதத்தை நிறுவும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரையே சேர்ந்தது. 2024 வரை நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு அப்படி வைத்திருந்தது. எனினும் அரசுத் தரப்பைப்போல் ஐயந்திரிபற நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என 1964 இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதையும் முழுமையாகக் காட்ட முடியாமல், குற்ற மனம் இருந்ததா என்ற ஐயத்தை மட்டும் எழுப்பினாலும் அதன் பயன் அவருக்கே சேரும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

விசாரணையின் நேரம்

அம்பி கூண்டில் நிற்கிறார். அவர் படித்த வழக்கறிஞர். குற்றச்சாட்டின் பொருள் புரியும், நீதிபதி யார் என்று தெரியும். ஆனால் அந்த இரவுகளில் என்ன நடந்தது என்று தன் வழக்கறிஞருக்குச் சொல்ல அவருக்கு நினைவே இல்லை. இவரை விசாரிக்கலாமா? படம் இக்கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 25 ஆம் அத்தியாயத்துக்குப் போயிருக்க வேண்டும். அதன் 328 ஆம் பிரிவு நடுவர் நீதிமன்றத்துக்கும் 329 ஆம் பிரிவு விசாரணை நடத்தும் நீதிமன்றத்துக்கும் உரியவை. எதிரியால் தன் தரப்பை எடுத்துரைக்க இயலாது என்று தோன்றினால் முதலில் அதையே விசாரித்து முடிவு செய்ய வேண்டும். மருத்துவர் பரிசோதித்துச் சாட்சி சொல்ல வேண்டும். இயலாது என்று தெரிந்தால் வழக்கு தள்ளிவைக்கப்படும். தள்ளிவைப்பதற்கும் விடுவிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

இந்த ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு முழுப் படம் செய்ததற்கு எடுத்துக்காட்டு 1987 இல் வெளிவந்த நட்ஸ் என்ற அமெரிக்கப் படம். டாம் டோபர் எழுதிய நாடகத்தைத் தழுவி மார்ட்டின் ரிட் இயக்கியது. பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட் ஏற்ற கிளாடியா டிரேப்பர் என்ற பெண் மீது கொலைக் குற்றச்சாட்டு. பெற்றோரும் மருத்துவர்களும் அவள் மனநலம் சரியில்லை, விசாரணைக்குத் தகுதியற்றவள் என்கிறார்கள். அவளோ, தான் விசாரிக்கப்பட வேண்டும் என்று போராடுகிறாள். காரணம் எளியது. தகுதியற்றவள் என்று முத்திரை குத்திவிட்டால் குற்றம் செய்தாளா இல்லையா என்பதே பேசப்படாமல் காலவரையின்றி மருத்துவமனையில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். படம் முழுவதும் அந்த முன்விசாரணைதான். கொலை வழக்கு அதற்குப் பிறகே வரும்.

தமிழில் விக்ரமே நடித்த தெய்வத் திருமகள் (2011, இயக்கம் விஜய்) இன்னொரு வகை. அறிவு வளர்ச்சி குன்றிய கிருஷ்ணா தன் மகள் நிலாவை வளர்க்கத் தகுதியுள்ளவரா என்பது அங்கே வழக்கு. அது குற்ற வழக்கு அன்று, குழந்தையின் பாதுகாப்பு உரிமை பற்றியது. ஆயினும் ஒருவருடைய மனத்திறனை அந்நியர்கள் கூடி அளந்து பார்க்கும் அவலத்தை அது அந்நியனைவிட நெருக்கமாகக் காட்டியது என்று சொல்லலாம்.

வெளியே விடும் நேரம்

தீர்ப்பில் வரும் இரண்டு ஆண்டுகள் என்ற கணக்கு சட்டத்தில் இல்லை. சித்த சுவாதீனமின்மையால் விடுவிக்கும்போது, அச்செயலை அவர் செய்தாரா இல்லையா என்பதைத் தீர்ப்பில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது 334 ஆம் பிரிவு. செய்தார் என்றால், 335 இன்படி அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்க வேண்டும், அல்லது உறவினரோ நண்பரோ பிணை கொடுத்தால் அவர்களிடம் ஒப்படைக்கலாம். காவலுக்குக் காலவரம்பு கூறப்படவில்லை. இது தண்டனை அல்ல என்பதால் ஆண்டுக் கணக்கும் இல்லை. தனக்கோ பிறருக்கோ தீங்கு நேராது என்று சிறைத் துறைத் தலைவரோ மருத்துவமனையின் பார்வையாளர்களோ சான்றளித்தபின், மாநில அரசே விடுதலை பற்றி முடிவு செய்யும் என்பது 338 ஆம் பிரிவு. விதிகளுக்குப் பெயரைத் தந்த மெக்நாட்டனே விடுவிக்கப்பட்டவர்தான். ஆனால் பெத்லெம் மருத்துவமனையிலும் பின்னர் பிராட்மூரிலும் 22 ஆண்டுகள் அடைபட்டு, 1865 இல் அங்கேயே இறந்தார்.

அம்பியின் வழக்கை 2005 ஆம் ஆண்டுச் சென்னையில் வைத்துப் பார்க்கலாம். தியாகராய நகர், அடையாறு போன்ற தென்சென்னைக் காவல் நிலையங்களின் வழக்குகள் பெரும்பாலும் முதலில் சைதாப்பேட்டை நடுவர் நீதிமன்றங்களுக்குப் போகும். கொலை வழக்கு என்றால் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள அமர்வு நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். விசாரணைக் கைதிகளை வைக்கும் மத்திய சிறை அப்போது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே பூங்கா நகரில் இருந்தது. மறு ஆண்டில்தான் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டனர். மனநிலைப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் போக வேண்டிய இடம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1794 இல் சிறு விடுதியாகத் தொடங்கி, 1871 முதல் இப்போதைய இடத்தில் நடக்கும் இந்த நிறுவனம் நாட்டின் பழைய மனநல மருத்துவமனைகளுள் ஒன்று. இன்று அதன் பெயர் மனநலக் காப்பகம். ஆனால் சென்னைவாசிகள் ஒருவரைக் கேலி செய்யக் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே போதும் என்று வைத்திருக்கிறார்கள். திரைப்பட நகைச்சுவைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. 1960களிலும் 70களிலும் அம்மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன், குணமடைந்தவர்கள் போக இடமின்றித் தவிப்பதைக் கண்டவர். ஓய்வுக்குப் பிறகு 1984 இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார்.

அந்நியன் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த 2005 ஜூலையில் அசாம் மாநிலத்தில் ஒரு முதியவர் விடுதலையானார். அவர் பெயர் மச்சல் லாலுங். 1951 இல் ஏறத்தாழ 23 வயதில் ஒரு காய வழக்கில் கைதானவர். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967 இல் அவர் நலமாக இருக்கிறார் என்று மருத்துவமனை தெரிவித்தது. வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக அவரைச் சிறைக்கு மாற்றினார்கள். வழக்கு விசாரணை நடக்கவே இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டபின், ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 77 ஆகியிருந்தது. உள்ளே கழிந்தவை 54 ஆண்டுகள். 2007 இல் அவர் காலமானார்.

திரையில் அம்பி இரண்டே ஆண்டுகளில் வெளியே வந்து, மருத்துவர்களின் சான்றைப் பொய்யாக்கி ஒருவனை ரயிலிலிருந்து தள்ளியபோது அரங்குகளில் கைதட்டல் எழுந்தது. கதைக்கு அது சுவையான திருப்பம். ஆனால் குணமானதாகச் சொல்லப்படுபவர் உண்மையில் குணமாகியிருக்க மாட்டார், நடிக்கிறார் என்ற ஐயத்தையும் அது பார்வையாளர் மனத்தில் ஊன்றிவிட்டது. லாலுங் போன்றவர்களைக் கோப்புகளுக்குள் மறந்துபோக வைப்பதும் ஏறக்குறைய இதே ஐயந்தான். குணமானவர் என்று எழுதிய தாளை நம்பிக் கையெழுத்துப் போட யாரும் முன்வருவதில்லை.

படம் வந்தபின் சட்டத்தில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. 2008 ஆம் ஆண்டின் திருத்தம் 2009 டிசம்பர் 31 முதல் நடப்புக்கு வந்தது. மனநிலை காரணமாக விசாரணையைத் தள்ளிவைக்கும் முன், வழக்கில் முகாந்திரம் உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் அவரை விடுவித்துவிட வேண்டும். மருத்துவமனையில் தங்கித்தான் சிகிச்சை பெற வேண்டும் என்ற நிலை இல்லாவிட்டால், உறவினரோ நண்பரோ வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறவைக்க உறுதியளித்துப் பிணையில் அழைத்துச் செல்லலாம். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல சிகிச்சை நிலையம் இருக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் 84 ஆம் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 22 ஆம் பிரிவாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் அறிமுகமான முதல் வரைவு சித்த சுவாதீனமின்மை என்ற சொல்லுக்குப் பதிலாக மனநோய் என்ற சொல்லைப் போட்டிருந்தது. அதனால் பிரிவின் எல்லை அளவுக்கு மீறி விரியும் என்ற கருத்து எழுந்ததும், பழைய சொல்லே திரும்ப வந்தது.

நடைமுறைச் சட்டத்தின் 25 ஆம் அத்தியாயம் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367 முதல் 378 வரையிலான பிரிவுகளாக உள்ளது. எண்கள் மாறின, உள்ளடக்கம் பெரிதும் மாறவில்லை. அவற்றுள் கடைசிப் பிரிவு, காவலில் உள்ளவரை உறவினரோ நண்பரோ கேட்டு, நன்கு கவனித்துக்கொள்வதாகப் பிணை எழுதிக் கொடுத்தால் ஒப்படைக்கலாம் என்கிறது. அம்பிக்குத் தந்தை பார்த்தசாரதி இருந்தார், நந்தினி இருந்தாள், விவேக் ஏற்ற நண்பர் சாரியும் இருந்தார். அப்படி யாரும் வந்து கேட்காதவரின் வழக்கில், மனு ஒன்றும் வராமல் அந்தப் பிரிவு ஏட்டிலேயே இருக்கும்.